ஷாஃப்ட் திரும்பத் திரும்ப உடைகிறதா? அடுத்ததை லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை

காங்கேயம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். உமி பாய்லரின் புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேனின் ஷாஃப்ட், அதாவது ஃபேனைச் சுழற்றும் தண்டு, எங்களுக்குப் பதின்மூன்று மாதத்தில் மூன்று முறை உடைந்தது. சாதாரண ஈஎன் 8 எஃகில் செய்த முதல் ஷாஃப்ட் ஏழு மாதம் ஓடியது. "மெட்டீரியல் பத்தாது, ஈஎன் 24 போடுங்க" என்றார்கள்; அது இன்னும் வலிமையான எஃகு. போட்டோம், ஐந்தே மாதம். மூன்றாவதாக, பழைய ஷாஃப்ட் ஒன்றில் பேரிங் உட்காரும் இடத்துக்கு வெல்டு வைத்து, கடைந்து மாட்டினோம். அது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ராத்திரி ஷிஃப்டில் புல்லி துண்டோடு கழன்று பெல்ட் கார்டை, அதாவது பெல்ட்டின் பாதுகாப்பு மூடியை, நெளித்துக்கொண்டு நின்றது. கார்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் உடைந்த துண்டுகளை எடுத்துக்கொண்டு கோவையில் ஒரு சோதனைக்கூடத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். பராமரிப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்காக எழுதுவது இது. ஆலை, பம்பு, கன்வேயர், நார் மில் எதுவானாலும் முறை ஒன்றுதான்.

1. உடைந்த முகத்தைத் தொடாதீர்கள்

முதல் முறை உடைந்த துண்டு எங்களுக்குப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என்ன நடந்தது என்பதற்கான ஒரே சாட்சி அதுதான். நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

மெயினை ஆஃப் செய்து, ஃப்யூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு துண்டுகளையும் எடுங்கள். இரண்டையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கத் தோன்றும். பொருத்தாதீர்கள், முகத்தில் இருக்கும் கோடுகள் நசுங்கிவிடும். கம்பி பிரஷ், எமரி தாள் எதுவும் படக்கூடாது. நல்ல வெளிச்சத்தில், டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நாலைந்து போட்டோ எடுங்கள். பிறகு லேசாக எண்ணெய் தடவி, சுத்தமான துணியில் சுற்றி, தேதி எழுதி வையுங்கள். புல்லி எந்தப் பக்கம், ஃபேன் எந்தப் பக்கம் என்பதையும் துண்டின் மேல் பெயிண்ட் பேனாவால் குறித்துவிடுங்கள்.

2. முகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள்

ஒரே அடியில் உடைந்த ஷாஃப்ட் பெரும்பாலும் வளைந்தோ முறுக்கியோ இருக்கும். உலோகச் சோர்வில், பட்டறையில் சொல்கிற மாதிரி ஃபெட்டீக்கில், உடைந்தது அப்படி இருக்காது. வளைவே இல்லாமல், வாழைத்தண்டை வெட்டியதுபோல நேராகப் பிரிந்திருக்கும்.

முகத்தில் இரண்டு பகுதி தெரியும். ஒன்று வழுவழுப்பானது. கோடையில் குளம் வற்றும்போது கரையில் வளையம் வளையமாகக் கோடு நிற்குமே, அதே மாதிரி கோடுகள் அதில் இருக்கும். விரிசல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்த தடம் அது. வளையங்கள் எந்தப் புள்ளியைச் சுற்றி இருக்கின்றனவோ, விரிசல் அங்கேதான் பிறந்தது. இன்னொரு பகுதி, கருப்பட்டியை உடைத்த முகம் போல மொறமொறப்பாக இருக்கும். மிச்சம் இருந்த இரும்பு கடைசி நொடியில் பட்டென்று முறிந்த இடம் அது.

அந்த மொறமொறப்பைக் காட்டி "இரும்பே சரியில்லை, குருணையாக இருக்கு பாருங்க" என்று சொல்வார்கள். நம்பிவிடாதீர்கள். நல்ல எஃகும் கடைசி நொடியில் அப்படித்தான் முறியும். பார்க்க வேண்டியது அதன் அளவை. மொறமொறப்பு முகத்தில் பாதிக்கு மேல் இருந்தால் ஷாஃப்ட் மேல் வந்த சுமையே அதிகம். சின்னதாக இருந்தால் சுமை அவ்வளவு இல்லை, விரிசலைத் தொடங்கி வைத்த இடம்தான் மோசம்.

எங்கள் ஈஎன் 24 ஷாஃப்டில் அது ஐந்து ரூபாய் நாணயம் அளவுதான் இருந்தது. 45 மி.மீ. ஷாஃப்டில் அது கால் பங்கு. முக்கால் பங்கு அறுந்த பிறகும் மிச்சக் கால் பங்கு ஃபேனை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது! அப்படியென்றால் மெட்டீரியல் எப்படிப் பத்தாமல் போகும்? விளிம்பைச் சுற்றிப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரி சின்னச் சின்ன படிகள். ஒரே இடத்தில் இல்லாமல் சுற்றிலும் பல இடத்தில் விரிசல் ஒரே நேரத்தில் தொடங்கியதற்கு அடையாளம் அது. சுற்றிலும் இருக்கிற ஒரே குற்றவாளி, ஷாஃப்ட் சிறிய விட்டத்திலிருந்து பெரிய விட்டத்துக்கு ஏறும் ஸ்டெப்பின் மூலை.

உடைந்த முகம் நேராக இல்லாமல் 45 டிகிரி சாய்வில் திருகிப் போயிருந்தால் அது முறுக்குச் சுமையால் வந்தது. அப்போது கீவே, அதாவது புல்லியைப் பூட்டும் கீ உட்கார ஷாஃப்டில் வெட்டிய பள்ளம், பக்கம் தேடுங்கள். மெஷின் அடிக்கடி ஜாம் ஆகிறதா, லோடோடு ஸ்டார்ட் செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

3. எத்தனை நாளில் உடைந்தது என்று கணக்குப் போடுங்கள்

பெல்ட் ஷாஃப்டை எப்போதும் ஒரே பக்கமாக இழுக்கிறது. ஷாஃப்ட் சுற்றுவதால் அதன் மேல்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுற்றில் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அமுங்கும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் மடக்கி மடக்கி ஒடிக்கிறோமே, அதேதான். மடக்குவது கண்ணுக்குத் தெரியாத அளவு, அவ்வளவுதான்.

நிமிடத்துக்கு 1,440 சுற்று என்றால் மணிக்கு 86,400. தினம் இருபது மணி நேரம் ஓடினால் 17,28,000. ஆறே நாளில் ஒரு கோடி தாண்டிவிடும். எஃகுக்கு ஒரு தாங்கும் எல்லை உண்டு. அழுத்தம் அதற்குக் கீழே இருந்தால், துரு ஏறாத வரை, எத்தனை கோடி சுற்றினாலும் விரிசல் தொடங்காது. சோதனைக்கூடங்களில் அந்த எல்லையைப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி சுற்று வரை ஓட்டித்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆகவே, மாட்டிய சில வாரங்களில் உடைந்தால் வடிவத்திலோ பட்டறை வேலையிலோ முதல் நாளே கோளாறு இருந்திருக்கும். பல மாதம் நன்றாக ஓடி உடைந்தால், "இடையில் என்ன மாறியது?" என்று கேளுங்கள். பெல்ட் மாற்றினோமா, பேரிங் மாற்றினோமா, ஃபேனில் கரி படிந்து ஆட்டம் வந்ததா, ஷாஃப்டில் தண்ணீர் பட்டுத் துரு ஏறியதா? ஷிஃப்ட் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் நோட்டில் முதல் இரண்டு முறையும் உடைவதற்கு முந்தைய வாரங்களில் ஒரே வரி திரும்பத் திரும்ப இருந்தது: "பெல்ட் ஸ்லிப், டைட் செய்யப்பட்டது."

4. பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள்

ஏன் ஸ்லிப் ஆனது? புல்லியின் பள்ளம் தேய்ந்திருந்தது. வி-பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும். அடியில் உட்காரக் கூடாது. பள்ளத்தின் அடி பளபளவென்று மின்னினால் பெல்ட் அடியில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது பிடிப்பு போய்விடும், கீச்சுச் சத்தம் வரும், ஆப்பரேட்டர் மோட்டாரைத் தள்ளி இன்னும் டைட் வைப்பார். சத்தம் நிற்கும். ஷாஃப்டின் ஆயுள் அங்கேதான் குறைகிறது.

டைட் பார்க்க ஒரு சுலபமான வழி: இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டை அமுக்கினால், ஒவ்வொரு மீட்டர் இடைவெளிக்கும் 16 மி.மீ. இறங்க வேண்டும். 800 மி.மீ. இடைவெளி என்றால் சுமார் 13 மி.மீ. எவ்வளவு விசையில் அமுக்க வேண்டும் என்பது பெல்ட் கம்பெனியின் அட்டவணையில் இருக்கும். ஸ்பிரிங் தராசு வைத்து அளக்கலாம். கட்டைவிரல் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். புதுப் பெல்ட் முதல் நாளிலேயே கொஞ்சம் நீளும் என்பதால் ஒரு நாள் ஓடிய பிறகு மறுபடி பாருங்கள். ஆறு பெல்ட்டில் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் புதிது இரண்டும்தான் எல்லாச் சுமையையும் இழுக்கும்.

5. ஒரு சின்னக் கணக்கு

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பத்து நிமிடக் கணக்குதான், எனக்குக் கண் திறந்தது இங்கேதான்.

எங்கள் மோட்டார் 30 எச்.பி., அதாவது 22 கிலோவாட். 1,440 சுற்றில் முறுக்கு விசை 9,550 × 22 ÷ 1,440 = சுமார் 146 நியூட்டன் மீட்டர் (9,550 எல்லா மோட்டாருக்கும் மாறாத எண்). புல்லி விட்டம் 250 மி.மீ.; அதன் ஆரம் 0.125 மீட்டரால் வகுத்தால் 1,168 நியூட்டன். இரண்டு பக்கப் பெல்ட் இழுவையும் சேர்த்தால் தோராயமாக அதைப்போல் இரண்டு மடங்கு: 2,300 நியூட்டன், அதாவது 235 கிலோ. புல்லியின் மையம் பேரிங்கிலிருந்து 150 மி.மீ. வெளியே இருந்தது. வளைக்கும் விசை 2,300 × 0.15 = 345 நியூட்டன் மீட்டர். 45 மி.மீ. ஷாஃப்டில் இது 32 × 3,45,000 ÷ (3.14 × 45 × 45 × 45) = சுமார் 39 மெகாபாஸ்கல் அழுத்தம்தான் (3,45,000 என்பது அதே 345, மி.மீ. கணக்கில்).

சுமார் 600 மெகாபாஸ்கல் வலிமையுள்ள ஈஎன் 8 எஃகின் தாங்கும் எல்லை அதில் பாதி, 300. அது பளிங்கு மாதிரி தேய்த்த சின்னச் சோதனைத் துண்டுக்கு உரிய எண். லேத்தில் கடைந்த பரப்புக்கும் ஷாஃப்டின் பருமனுக்கும் கழித்தால் ஏறத்தாழ 200. அப்படிப் பார்த்தால் 39 எங்கே, 200 எங்கே?

மூலையில்தான் விஷயம் இருக்கிறது. ஸ்டெப் மூலையில் ரேடியஸ், அதாவது உருண்ட வளைவு, இல்லாமல் கூராக விட்டால் அந்த இடத்தில் அழுத்தம் சுமார் மூன்று மடங்கு ஆகிவிடும். 39 அங்கே 117. இன்னும் தாங்கும். பெல்ட்டை இரண்டு மடங்கு டைட் வைத்தால் 234. எல்லையைத் தாண்டிவிட்டது. அதே டைட், ஆனால் மூலையில் 1.5 மி.மீ. ரேடியஸ் இருந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல்தான், சுமார் 170. தாங்கியிருக்கும். தவறு இரண்டும் சேர்ந்ததால்தான் உடைந்தது. ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் ஓடியிருக்கும்.

உங்கள் மெஷினுக்கு உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். விட்டத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அழுத்தம் வெகுவாக இறங்கும். 45ஐ 50 ஆக்கினால் 27 சதவீதம் குறையும். பேரிங், ஹவுசிங் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். நாங்கள் செலவே இல்லாமல் ஒன்று செய்தோம். புல்லியைப் பேரிங் பக்கம் 50 மி.மீ. தள்ளினோம், மோட்டாரையும் அதே நேர்கோட்டுக்கு நகர்த்தினோம். வளைக்கும் விசையில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது.

6. வரைபடம் இல்லாமல் பட்டறைக்குப் போகாதீர்கள்

உடைந்ததைக் கொடுத்து "இதே மாதிரி ஒண்ணு" என்றால், உடைந்த காரணமும் அதே மாதிரி வரும். ஒரு ஏ4 தாளில் கையால் வரைந்தாலும் போதும். அதில் இவை கட்டாயம் இருக்கட்டும்:

ஒவ்வொரு ஸ்டெப்பிலும் ரேடியஸ் எவ்வளவு என்று எண்ணாக எழுதுங்கள். எழுதாவிட்டால் லேத்தில் கடையும் டிப்பின் முனை என்னவோ அதுதான் ரேடியஸ், 0.4 டிப் என்றால் 0.4. டர்னர் மேல் குற்றமில்லை. பேரிங் ஸ்டெப்பில் ஒட்டி உட்கார வேண்டும் என்பதுதான் அவர் கவலை, அதற்காக மூலையைக் கூராக்கிக் கொடுக்கிறார். பேரிங் உள்வளையத்தின் மூலையும் உருண்டுதான் இருக்கும். 45 மி.மீ. ஷாஃப்டில் உட்காரும் 6309 பேரிங்குக்கு அது குறைந்தது 1.5 மி.மீ., ஆகவே ஷாஃப்டில் 1.5 வரை தாராளமாகப் போடலாம். அதற்கு மேல் போட்டால் பேரிங் ஸ்டெப்பில் உட்காராது. பெரிய ரேடியஸ் வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஸ்பேசர் வளையம் வைத்து, அந்த வளையத்தின் உள்மூலையைச் சரித்துவிடுங்கள்.

பேரிங் உட்காரும் இடத்தின் அளவு: 45 மி.மீ.க்கு கே6 ஃபிட் (பேரிங் இறுக்கமாக உட்கார விடும் அளவு) என்றால் 45.002 முதல் 45.018 வரை. கிரைண்டிங் செய்யச் சொல்லுங்கள்.

கீவே ஸ்டெப் வரை ஓடக்கூடாது. முன்னாலேயே நிற்க வேண்டும். இரண்டு பலவீனமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஷாஃப்டுக்குப் போக்கிடம் இல்லை. கீவேயின் அடிமூலையிலும் சின்ன ரேடியஸ் கேளுங்கள். சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் ஸ்பிரிங் வளையம்) மாட்டும் பள்ளம் இன்னும் மோசம். சுமை அதிகமுள்ள இடத்தில் அதை வைக்கவே வேண்டாம்.

இனி செய்யக்கூடாதவை. தேய்ந்த பேரிங் சீட்டில் சென்டர் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்துப் பேரிங்கை டைட்டாக்குவது நம் ஊரில் சர்வ சாதாரணம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விரிசலின் விதை. வெல்டு வைத்துக் கடைவது அதைவிட ஆபத்து. வெல்டு ஆறும்போது இழுத்துக்கொண்டு உள்ளே அழுத்தத்தை விட்டுவிட்டுப் போகும், பக்கத்து இரும்பும் நொறுங்கும் தன்மைக்கு மாறிவிடும். ஃபேனில் வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்பை ஷாஃப்டில் மாட்டுவதும், பைப் ரெஞ்சால் ஷாஃப்டைப் பிடித்துத் திருப்புவதும் கூடாது.

7. கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

எங்கள் ஈஎன் 24 ஏன் ஈஎன் 8ஐவிடச் சீக்கிரம் உடைந்தது? சோதனைக்கூடத்தில் பார்த்தபோது ரசாயனக் கலவை சரியாக இருந்தது. ஹீட் ட்ரீட்மென்ட், அதாவது வலிமை கூட்டச் சூடாக்கிக் குளிர்விப்பது, செய்யவே இல்லை. ஈஎன் 24ஐ டி நிலை என்ற தரத்தில் வாங்கினால் கடினத்தன்மை 248 முதல் 302 பிரினெல் இருக்க வேண்டும். பணம் கொடுத்தது அதற்கு, கிடைத்தது வேறு. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வலிமை கூடக்கூட எஃகு கூர் மூலையையும் கீறலையும் பொறுத்துக்கொள்ளாது. மூலையைச் சரிசெய்யாமல் விலை உயர்ந்த கம்பியை வாங்குவது வீண். வளைவும் குறையாது, ஈஎன் 8, ஈஎன் 24 இரண்டும் ஒரே சுமைக்கு ஒரே அளவுதான் வளையும்.

கம்பி வாங்கும்போது மில் டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். அதிலுள்ள ஹீட் நம்பரும் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) கம்பியின் முனையில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். அறுத்துக் கொடுத்த துண்டில் நம்பர் இல்லையென்றால் அந்த சர்டிஃபிகேட் எந்தக் கம்பிக்கு என்று யாருக்குத் தெரியும்? ஹீட் ட்ரீட்மென்ட் செய்தால் அதன் ரிப்போர்ட், கடினத்தன்மை எண்ணோடு. பட்டறையிலிருந்து அளவு ரிப்போர்ட். ஃபேனை மாட்டி, ஆட்டம் இல்லாமல் சுற்ற எடையைச் சமன் செய்யும் பேலன்சிங் செய்தால் அதற்கும் ரிப்போர்ட். ஃபேன்களுக்கு வழக்கமாகக் கேட்பது ஜி 6.3 என்ற பேலன்சிங் தரம். சந்தேகம் இருந்தால் கம்பியில் ஒரு துண்டை என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள சோதனைக்கூடத்தில் கொடுங்கள்.

8. செலவும் நாளும்

கம்பியின் எடையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்குக் கிலோ. 60 மி.மீ. கம்பி மீட்டருக்கு 22.2 கிலோ. எங்களுக்கு 1.2 மீட்டர் தேவைப்பட்டது, 27 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

நான் கொடுத்தது: ஈஎன் 8 கம்பி சுமார் 2,500 ரூபாய், கடைசல், கீவே, கிரைண்டிங் சேர்த்து 6,000, சோதனைக்கூடத்துக்கு 2,000, பேலன்சிங் 3,500, புதுப் புல்லியும் பெல்ட் செட்டும் தனி. ஊருக்கு ஊர் இது மாறும். பட்டறை வேலைக்கு நாலு நாள் ஆனது. ஹீட் ட்ரீட்மென்ட் இருந்தால் இன்னும் நாலு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். தை அறுவடை நெல் வந்து குவியும் நேரத்தில் அவசரமாகக் கொடுத்தால் யாரும் ரேடியஸ் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார்கள். ஒரு ஷாஃப்டை முன்கூட்டியே செய்து எண்ணெய் தடவி, தொங்கவிட்டு வையுங்கள்.

9. வாங்கும்போதும் மாட்டும்போதும்

ரேடியஸ் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. பட்டறையிலேயே மூலையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். நகத்தை மூலையில் ஓட்டினால் தட்டுப்படும் கோடு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் அங்கேயே பாலிஷ் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் முதல்முறை இதைச் செய்தபோது டர்னர் முகம் சுளிக்கவில்லை. கேஜை வாங்கி அவரே வைத்துப் பார்த்துவிட்டு, "இது இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க" என்றார்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் இண்டக்ஷன் ஹீட்டரில் சூடுசெய்து ஏற்றுங்கள். 110 டிகிரியைத் தாண்ட வேண்டாம். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று நூல் பிடித்துப் பாருங்கள்.

10. ஆயுத பூஜையன்று பாருங்கள்

எல்லா மெஷினும் நின்று, கிரீஸ் துடைத்துச் சுத்தமாக இருக்கும் ஒரே நாள் அது. சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன் டை பெனட்ரன்ட் சோதனையை முடித்துவிடுங்கள். மூன்று ஸ்பிரே டப்பா கொண்ட செட், நீங்களே செய்யலாம். பெயிண்டும் பிசுக்கும் போகத் துடைத்து, சிவப்பு மருந்தை ஸ்டெப்பிலும் கீவே முனையிலும் அடித்துக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு துடைக்க வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கிளீனரை நேராக ஷாஃப்டில் அடித்தால் விரிசலுக்குள் போன சிவப்பும் கழுவிக்கொண்டு வந்துவிடும். துணியில் கிளீனரை நனைத்துத் துடையுங்கள். அப்புறம் வெள்ளை மருந்தை மெல்லிசாக அடித்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் தலைமுடி மாதிரி சிவப்புக் கோடு கசிந்து வரும். வந்தால் அந்த ஷாஃப்டை அன்றைக்கே மாற்ற வேண்டும். "சீசன் முடியட்டும்" என்று ஓட்டக் கூடாது.

பேரிங்குக்கு அடியில் மறைந்திருக்கும் விரிசல் இதில் தெரியாது. அதற்கு ஷாஃப்டின் முனையிலிருந்து அல்ட்ராசானிக் சோதனை செய்ய ஆள் கூப்பிட வேண்டும். பேரிங் உள்வளையத்தின் ஓரத்தில் செங்காவி நிறத்தில் நைஸ் தூள் தெரிந்தால் கண்டிப்பாகக் கூப்பிடுங்கள். பேரிங் ஷாஃப்டின் மேல் நுணுக்கமாக உரசிக்கொண்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. விரிசல் தொடங்க அந்த உரசலே போதும்.

எங்கள் நாலாவது ஷாஃப்ட் சாதாரண ஈஎன் 8தான், மூலையில் 1.5 ரேடியஸ். இரண்டு ஆயுத பூஜை பார்த்துவிட்டது. போன முறையும் வெள்ளை மருந்து வெள்ளையாகவே இருந்தது.